ஐந்து கறுப்பு மணிகளும் ஒரு உறுப்பினர் எண்ணும்

என் தங்கை மகன் பார்சிலோனாவில் வேலை பார்க்கிறான். போன மாதம் பேசும்போது, "மாமா, இந்த ஊர்ல கஞ்சாவுக்கே கிளப் இருக்கு, தெரியுமா?" என்றான். எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். அவன் பேசியதைத் தமிழில் தருகிறேன். என் முகம் போன போக்கைத் திரையில் பார்த்துவிட்டு, "நான் போகல மாமா, கூட வேலை பாக்குறவன் சொன்னான்," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

பிறகு அந்த மன்றங்களின் விதிகளைச் சொன்னான். தெருவில் போகிறவர் நினைத்தால் நுழைய முடியாது. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும். வயது வந்தவர் என்பதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். லாப நோக்கமில்லாத சங்கம் என்று பதிவு செய்திருப்பார்களாம். உள்ளே யாரும் கஞ்சா விற்பது கிடையாது. உறுப்பினர்களுக்காக வளர்த்ததை உறுப்பினர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்களாம். ஆளுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. வெளியே கொண்டுபோகக் கூடாது. வாசலில் பெயர்ப்பலகைகூடப் பெரிதாக இருக்கக் கூடாது.

"ஆனா சில எடத்துல டூரிஸ்ட்டு வந்து நின்னா பத்து நிமிஷத்துல மெம்பர் ஆக்கிருவாங்களாம் மாமா," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து நிமிஷமா? அம்புட்டு நேரம் எதுக்கு? எங்க மன்றத்துல ரெண்டு நிமிஷம்," என்றேன்.

"அதை எழுதுங்க மாமா," என்றான். எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஒரு மனமகிழ் மன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மன்றத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கோரிப்பாளையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு பங்களா, முன்னால் நான்கு தூண், பின்னால் இரண்டு டென்னிஸ் மைதானம், பக்கவாட்டில் சீட்டு அறை, அதற்கடுத்துச் சின்னதாக ஒரு பார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஒரு சாயக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னை அங்கே சேர்த்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள்: என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும், நான் அதிகம் பேச மாட்டேன். இரண்டாவதுதான் முக்கியக் காரணம் என்று புரிய இரண்டு வருடம் ஆனது.

மன்றத்தின் கௌரவச் செயலர் ரத்தினசபாபதி. மாமனார் வீட்டு மில்லில் பெயருக்கு ஒரு பதவி. மன்றத்தில்தான் முழுநேர வேலை. வெள்ளை அரைக்கை சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் யாரையும் எதையும் செய்யச் சொன்னதும் இல்லை. "அந்த நோட்டீஸ் இன்னிக்கே போர்டுல ஒட்டியிருந்தா நல்லாருக்கும் துளசி" என்பார். துளசிராம் என்பது என் பெயர். "அந்தத் தேதி பத்துன்னு இருந்தா நல்லாருக்கும்" என்பார். பத்து என்று ஆகிவிடும். அவர் கைப்பட எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடப் பல வருடம் நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவின் மூடியைக் கழற்றி, தலைவரிடமோ பொருளாளரிடமோ பணிவாக நீட்டுவார். எல்லாரும் போட்ட பிறகு ஓரத்தில் இரண்டு எழுத்தில் ஒரு சுழி சுழிப்பார். அந்தச் சுழியை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

விதி விஷயத்தில் மட்டும் அவர் கறார். உறுப்பினர் சேர்க்கைக்கு ஒரு சடங்கே உண்டு. விண்ணப்பத்தில் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். விண்ணப்பித்தவரின் பெயரைப் பதினைந்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதன்பின் கமிட்டிக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. கமிட்டியில் ஒன்பது பேர். ஆளுக்குக் கோலிக்குண்டு அளவில் ஒரு வெள்ளை மணி, ஒரு கறுப்பு மணி கொடுப்பேன். தேக்குப் பெட்டியில் கை நுழைகிற அளவு ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துணி உறை. சம்மதம் என்றால் வெள்ளையைப் பெட்டிக்குள் போடலாம், இல்லையென்றால் கறுப்பை. ஒன்பதில் இரண்டு கறுப்பு விழுந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, கேட்கவும் கூடாது.

மிச்சமிருக்கும் மணியை நான் ஏந்திப் பிடித்திருக்கும் பையில் போட வேண்டும். ரகசிய வாக்கெடுப்பு என்பது அவர்கள் ஒன்பது பேருக்குள் மட்டும்தான். பையைப் பிடித்திருப்பவனுக்கும் கண் இருக்கும் என்று விதி எழுதிய வெள்ளைக்காரனுக்கும் தோன்றவில்லை, அதைக் காப்பாற்றி வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. குமாஸ்தாவை அவர்கள் சுவரில் அடித்த ஆணியாக நினைத்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் டாக்டர் செல்லப்பாண்டி விண்ணப்பித்தார். எழுமலைக்காரர். நல்ல சர்ஜன் என்று ஊரில் பெயர். திருநகரில் வீடு. அவருக்குச் சீட்டும் வேண்டாம், பாரும் வேண்டாம். பன்னிரண்டு வயதில் கயல் என்று ஒரு மகள். பள்ளியில் டென்னிஸ் ஆடி ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஒழுங்கான மண் மைதானம் எங்களிடம்தான் இருந்தது. உறுப்பினர்களின் பிள்ளைகள் மட்டுமே அங்கே ஆடலாம் என்பது விதி. விண்ணப்பம் கொடுக்க வந்த அன்று அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். கோட்டுக்கு வெளியே நின்று, மைதானத்துச் செம்மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

முன்மொழிந்தவர் ஒரு மூத்த வக்கீல், கமிட்டி உறுப்பினர். டாக்டருக்கு அவர் குடும்ப நண்பர் மாதிரி. பதினைந்து நாளும் பலகையில் பெயர் இருந்தது. எழுத்தில் ஓர் ஆட்சேபம் வரவில்லை. ஆனால் வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். "எழுமலைன்னா, எழுமலையில எந்தத் தெருன்னு விசாரிச்சீங்களா?" என்று ஒருவர் கேட்டார். "விசாரிச்சாச்சு," என்றார் இன்னொருவர். அதற்குமேல் யாரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. நான் பையை ஏந்திக்கொண்டு வரிசையாகப் போனேன். ரத்தினசபாபதியின் வெள்ளை மணி என் பையில் விழுந்தது. அப்படியென்றால் பெட்டிக்குள் போனது கறுப்பு. அதற்கு நான்கு மாதம் முன்புதான் அவருக்குப் பித்தப்பையில் கல் இருந்து அறுவை நடந்தது. செய்தவர் டாக்டர் செல்லப்பாண்டி. அடுத்து வக்கீல். விண்ணப்பத்தில் "இவரை நன்கு அறிவேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டவர். அவருடைய வெள்ளை மணியும் பைக்குள்தான் வந்தது.

பெட்டியைத் திறந்தேன். ஐந்து கறுப்பு.

"ரூல் ரூல்தான். நம்ம கையில என்ன இருக்கு?" என்றார் ரத்தினசபாபதி. கையில்தான் இருந்தது. சற்று முன்புவரை கையில்தான் வைத்திருந்தார்.

வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். மூன்றாம் நாள் டாக்டர் நேரில் வந்தார். என் மேசைக்கு முன்னால் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"எத்தனை கறுப்புண்ணே?"

"அதைச் சொல்லக் கூடாது சார். விதி."

"இவங்கள்ல மூணு பேரு வயித்துக்குள்ள கைய விட்டவன் நான். அது பரவாயில்ல. ஆனா எம்பிள்ள இவங்க மண்ணுல ஓடக்கூடாது. அம்புட்டுத்தானே?"

நான் பேசவில்லை. அதிகம் பேசாதவன் என்றுதானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இப்படி மணி எண்ணி ஆளைச் சலித்து எடுத்த மன்றம் ஐந்தாறு வருடத்தில் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். பாரை ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். சட்டப்படி உறுப்பினருக்கு மட்டும்தான் அங்கே மது. விற்பனை என்றுகூடச் சொல்லக் கூடாது, உறுப்பினர்களுக்கான வசதி என்றுதான் சொல்ல வேண்டும். உறுப்பினர்களோ கிழடுகள், பாதிப் பேருக்குச் சர்க்கரை. அவர்கள் குடித்து ஒப்பந்தக்காரர் பிழைக்க முடியாது. ஆகவே 'தற்காலிக உறுப்பினர்' என்று ஒரு திட்டம் முளைத்தது. கேட்டில் ஒரு கட்டுச் சீட்டு. பெயர் எழுது, கையெழுத்துப் போடு, உள்ளே போ. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, இரண்டு நிமிடத்தில் உறுப்பினராகி, ஒரு மணி நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போவார்கள். ஒருவர் தினமும் கையெழுத்து இடத்தில் 'கோழி' என்று எழுதுவார். எல்லாச் சீட்டிலும் முன்மொழிந்தவர் என்று வாட்ச்மேன் முனியாண்டியின் கையெழுத்து இருக்கும். ஆயிரக்கணக்கான பேரை முன்மொழிந்த அந்த மனிதர் மன்றத்து நாற்காலியில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் வேலை போய்விடும்.

கறுப்பு மணிப் பெட்டி அப்போது எங்கே இருந்தது என்கிறீர்களா? பார் கவுன்ட்டரில். பாட்டில் மூடிகளைப் போட வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் மது உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வந்தது. நிரந்தர உறுப்பினர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிக் கையெழுத்திட்ட விண்ணப்பமும் முகவரிச் சான்றும் வேண்டும் என்று மதுவிலக்கு ஆபீசில் கேட்டார்கள். எங்களிடம் அதில் பாதிகூட இல்லை. இறந்தவர்களை நீக்காமல் வைத்திருந்தும் போதவில்லை. ரத்தினசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துளசி, ரிஜெக்ட் ஆன அப்ளிகேஷன் ஃபைல் ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு சார்."

"அதுல போட்டோ, அட்ரஸ், கையெழுத்து எல்லாம் பக்காவா இருக்கும். வீணாப் போகாம இருந்தா நல்லாருக்கும்."

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். எந்தத் தெரு என்று விசாரித்து வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அத்தனை பேரும் என் அச்சுப் போன்ற கையெழுத்தில் வரிசையாக உள்ளே வந்தார்கள். யாருக்கும் தெரிவிக்கவில்லை. டாக்டர் செல்லப்பாண்டி, உறுப்பினர் எண் 214. எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி இளைஞர். பட்டியலைப் புரட்டிப் பத்துப் பெயர்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். "இவங்க சனிக்கிழமை காலையில நேர்ல வரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது பேருக்கு ஒப்பந்தக்காரர் ஆள் பிடித்துவிட்டார். மச்சான், மச்சானின் நண்பன், லாரி டிரைவர் என்று. விண்ணப்பங்களில் அவர்கள் போட்டோவை மாற்றி ஒட்டினேன். பத்தாவது வட்டம் 214. டாக்டரின் முகம் மதுரையில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த இடத்தில் மச்சானை நிறுத்த முடியாது.

ரத்தினசபாபதி என்னைக் கூப்பிட்டார். "பட்டியல் முழுக்க உங்க கையெழுத்துதானே துளசி? எனக்கு உங்களை நெனச்சாத்தான் கவலையா இருக்கு. திருநகர் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தா நல்லாருக்கும்."

போலி ஆவணம் என்று வழக்கு வந்தால் மாட்டப் போவது யார் என்பதை அதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது.

திருநகர் பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். டாக்டரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆக, நான் இப்ப மெம்பர்."

"ஆமா சார்."

"ஆறு வருசமா எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அன்னிக்கு விதின்னு சொல்லிட்டீங்க. இப்ப நானும் மெம்பர்தானே, இப்பச் சொல்லுங்க. எத்தனை?"

"அஞ்சு சார்."

"யார் யாருன்னு தெரியுமா?"

சொன்னேன். ரத்தினசபாபதி பெயரைக் கேட்டதும் சிரித்தார். "அவரு கல்லை எடுத்து பாட்டில்ல போட்டுக் குடுத்தேன். வார்டு பூரா காட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு." பிறகு வக்கீலின் பெயரைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"போன வாரம்கூட இந்தச் சோபாலதான் உக்காந்து காப்பி குடிச்சாரு," என்றார்.

வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினார். "சனிக்கெழமை வாரேன். என்ன சொல்வேன்னு இப்பச் சொல்ல மாட்டேன்ணே. நீங்க கொஞ்சம் பயந்துக்கிட்டு இருங்க."

பயந்துகொண்டுதான் இருந்தேன். என் மனைவியிடம் சேலம் பக்கம் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகப் பொய் சொன்னேன்.

சனிக்கிழமை பதினொரு மணி. கமிட்டி முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது, வக்கீல் உட்பட. மச்சான் வகையறா ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வந்து, சொல்லிக் கொடுத்த பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். லாரி டிரைவர் மட்டும் தகப்பனார் பெயரில் தடுமாறினார். கடைசியில் டாக்டர் வந்தார். கூடவே கயல். அவள் அப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அப்பாவைவிட உயரம்.

"டாக்டர், நீங்க இந்த மன்றத்துல உறுப்பினரா?" என்று அதிகாரி கேட்டார்.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. ரத்தினசபாபதியைப் பார்த்தார். "இதை நான் சொல்றது முறையில்ல. என்னைய சேக்குறதா வேணாமான்னு முடிவு பண்றது இவங்கதான். சொல்லுங்க சார், நான் மெம்பரா இல்லையா?"

வக்கீல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தினசபாபதி தண்ணீர் குடித்தார்.

"டாக்டர்... நம்ம மெம்பர்தான். மதிப்புக்குரிய மெம்பர்," என்றார்.

"சந்தோசம். எழுதிக் குடுத்துருங்க."

"துளசி எழுதிருவாரு."

"வேணாம். அவரு எழுதுனது போதும். உங்க கையால எழுதுங்க."

அதிகாரியும் பேனாவை எடுத்து ரத்தினசபாபதியின் பக்கம் நீட்டினார். பதினோரு வருடத்தில் அன்றுதான் அவர் கையெழுத்தை முழுசாகப் பார்த்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி, ஏறி இறங்கி இருந்தது. 'உறுப்பினர்' என்பதில் ஓர் எழுத்துப் பிழை வேறு.

அதிகாரி திருப்தியாக வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போனார். தாள்கள் சரியாக இருந்தன. அவர் பார்க்க வந்தது தாள்களைத்தான்.

கமிட்டிக்காரர்கள் மூச்சு விட்டார்கள். ஒருவர் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனார். டாக்டர் என்னிடம் திரும்பி, "விதிப் புத்தகம் குடுங்கண்ணே," என்றார். புரட்டிப் பார்த்து, உறுப்பினரின் பிள்ளைகள் மைதானத்தைப் பயன்படுத்தலாம் என்ற வரியில் விரல் வைத்து உரக்கப் படித்தார். "கயல், வா."

நானும் பின்னால் போனேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு முன்பே தெரியும் அங்கே என்ன இருக்கிறது என்று.

மைதானம் இருந்த இடத்தில் காலி பீர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வலை கட்டும் கம்பங்களில் தார்ப்பாய் கட்டி, அதன் நிழலில் இரண்டு பெண்கள் பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டின் மேல் ஜெனரேட்டர். செம்மண் எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தது.

கயல் பெட்டிகளைச் சுற்றி வந்தாள். "இதுக்காப்பா நான் அன்னிக்கு அம்புட்டு அழுதேன்?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் ஒரு பீர் பெட்டியின் மேல் தாளை வைத்து ராஜினாமா எழுதினார். இரண்டே வரி. "பெற்றுக்கொண்டோம்னு சீல் வச்சு ஒரு காப்பி குடுங்கண்ணே," என்றார். ஆபீசுக்கு வந்து கார்பன் வைத்துப் பிரதி எடுத்தேன், தேதி போட்டேன், முத்திரை குத்திக் கொடுத்தேன். அந்த வருடத்துக் கோப்பில் அது ஒன்றுதான் நிஜமான காகிதம்.

காரில் ஏறுமுன் கேட்டார்: "நீங்க ஏண்ணே இன்னும் இங்க இருக்கீங்க?"

"ரெண்டு பொண்ணுக சார்," என்றேன். அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியாது. சாயக் கடைக்காரர் அந்த வருடம்கூட என்னைத் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியும் 'சார்' என்று கூப்பிடும் வாட்ச்மேனும் பழகிப்போயிருந்தது எனக்கு. அதுதான் உண்மையான காரணம்.

கார் தெருமுனை திரும்பியதும் ரத்தினசபாபதி என் மேசைக்கு வந்தார். பேனாவின் மூடி கழற்றாமல் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. "அந்த லெட்டர் ஃபைல்ல இல்லாம இருந்தா நல்லாருக்கும் துளசி," என்றார்.

இழுப்பறையின் அடியில் போட்டேன். இரண்டு வருடத்தில் டாக்டர் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் உரிமத்துக்கான பட்டியலில் எண் 214 இருந்தது. பெயரை நான்தான் எழுதினேன். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தையும் நான்தான் போட்டேன். போடப் போட நன்றாகவே வந்தது.